யார் சல்யூட் வைக்க வேண்டும், யார் சும்மா நிற்க வேண்டும்?

2015 ஜனவரி 26 அன்று டெல்லி குடியரசு தின மேடையில் எடுத்த ஒரு படம், அன்று சாயங்காலத்துக்குள் நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நெற்றிக்குக் கை உயர்த்தி நிற்கிறார். பிரதமர் மோடியும் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கரும் அப்படியே. குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி மட்டும் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி விறைப்பாக நிற்கிறார். கொடிக்கு சல்யூட் வைக்காத துணைத் தலைவர் என்று ஆரம்பித்து, அவருடைய மதம் வரைக்கும் இழுத்து, ட்விட்டரில் பிய்த்து எடுத்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினராக அதே மேடையில் நின்ற ஒபாமாவும்தான் சல்யூட் வைக்கவில்லை. அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

முறைப்படி பார்த்தால் அந்தப் படத்தில் அன்சாரி நின்ற விதத்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய அலுவலகம் உடனே விளக்கமும் கொடுத்தது. தேசிய கீதம் ஒலிக்கும்போது விழாவின் முதன்மைப் பிரமுகரும் சீருடையில் இருப்பவர்களும் சல்யூட் வைப்பார்கள், சாதாரண உடையில் இருக்கும் மற்றவர்கள் அசையாமல் நேராக நிற்பார்கள் என்பதுதான் அதன் சாரம். குடியரசு தினத்தில் முதன்மைப் பிரமுகர் குடியரசுத் தலைவர் ஒருவரே. முப்படைகளின் தலைமைத் தளபதியும் அவர்தான். அதே ஆண்டு என்.சி.சி. முகாம் விழாவில் அன்சாரியே முதன்மை விருந்தினராக இருந்தபோது, தலையில் தொப்பி வைத்துக்கொண்டு முறையாக சல்யூட்டை ஏற்றிருக்கிறார். அதையும் அந்த விளக்கத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் படம் போன வேகத்தில் விளக்கம் போகவில்லை.

இந்தியக் கொடி விதிகள் 2002-இல் இதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. கொடி ஏற்றும்போதும் இறக்கும்போதும், அணிவகுப்பில் கொடி நம்மைக் கடந்து போகும்போதும், அங்கிருக்கும் எல்லோரும் கொடியைப் பார்த்தபடி அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சீருடையில் இருப்பவர்கள் அவரவர் படைக்குரிய சல்யூட்டை வைக்க வேண்டும். பிரமுகர் ஒருவர் தலையில் எதுவும் அணியாமலே சல்யூட்டை ஏற்கலாம். விதி இவ்வளவுதான். சாதாரண உடையில் இருப்பவர் நெற்றிக்குக் கை கொண்டுபோக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

அப்புறம் ஏன் இந்தச் சண்டை? சல்யூட்டை நாம் பார்க்கும் பார்வை வேறு, ராணுவம் பார்க்கும் பார்வை வேறு. நமக்கு அது கும்பிடு மாதிரி. யார் வேண்டுமானாலும் வைக்கலாம், வைத்தால் பக்தி, வைக்காவிட்டால் திமிர். ராணுவத்தில் அது ஒரு கணக்கு. யார் தருகிறார், யார் ஏற்கிறார், எதன் பெயரில் ஏற்கிறார் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு. அங்கே கூடுதலாக ஒரு சல்யூட் வைத்தால் கூடுதல் மரியாதை என்று எதுவும் கிடையாது. இடம் தெரியாமல் வைத்தது என்றுதான் பெயர் வரும்.

இந்தக் கணக்கின் அடிப்படையைப் பார்க்க டெல்லி வரை போக வேண்டாம், சென்னை பரங்கிமலையே போதும். அங்கே 1963 முதல் இயங்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் அணிவகுப்பு மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர் வைத்திருக்கிறார்கள். 1987-இல் இலங்கையில் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். அந்த மைதானத்தில்தான் மாதக்கணக்கில் பயிற்சி மாணவர்களை உஸ்தாத்கள் வாட்டி எடுக்கிறார்கள். உஸ்தாத் என்றால் டிரில் சொல்லித்தரும் ஹவில்தாரோ சுபேதாரோ, பதினைந்து இருபது வருடம் சர்வீஸ் போட்டவர். முழங்கை ஒரு அங்குலம் தாழ்ந்தால் கத்துவார். குதிகால் சேரவில்லை என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். பயிற்சி நிறைவு அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து தோளில் நட்சத்திரங்களைக் குத்திவிடுகிறார்கள். அத்தோடு கணக்கு தலைகீழாகிறது. நேற்று வரை அதட்டிய அதே உஸ்தாத், தன் மகன் வயதுள்ள அந்தப் புது லெப்டினன்ட்டுக்கு முழு விறைப்போடு முதல் சல்யூட்டை வைக்கிறார். இளைஞன் அதைத் திருப்பி வைக்கிறான். பல பேருக்கு அந்த இடத்தில்தான் கண் கலங்குகிறது.

அந்த உஸ்தாத் பையனுக்கு சல்யூட் வைக்கவில்லை. குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட நியமன ஆணை அந்தத் தோளில் இருக்கிறது, அதற்கு வைக்கிறார். அதனால்தான் மேலதிகாரியைப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் சல்யூட்டை விட முடியாது. மேலதிகாரிக்கும் அதே கட்டு உண்டு. கீழே இருப்பவர் வைத்த சல்யூட்டைத் திருப்பி வைக்காமல் போனால், தவறு மேலதிகாரியுடையது. ஒரு பக்கம் மட்டும் நடக்கும் சல்யூட் என்று முறைப்படி ஒன்று இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி கண்ணில் படுவதே இல்லை. சல்யூட் என்றால் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பணிவது என்று நினைத்துவிடுகிறோம்.

கை எப்படிப் போகிறது என்பதிலும் படைக்குப் படை வித்தியாசம் இருக்கிறது. தரைப்படை சல்யூட்டில் உள்ளங்கை முழுதாக எதிரே இருப்பவரைப் பார்க்கும். விரல்களும் கட்டைவிரலும் ஒட்டியிருக்கும், நடுவிரல் புருவத்தின் ஓரத்தையோ தொப்பிப் பட்டையையோ தொடுகிற மாதிரி வரும். கையைப் பக்கவாட்டில் விரித்துச் சுற்றி மேலே கொண்டுபோய், நேர்க்கோட்டில் கீழே இறக்க வேண்டும். ஏறும்போது நீண்ட வழி, இறங்கும்போது குறுக்கு வழி. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு "ஏக், தோ-தீன், ஏக்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியது ஞாபகம் இருக்கும். கை மேலே போக ஒரு எண்ணிக்கை, அங்கேயே நிற்க இரண்டு, இறங்க ஒன்று.

கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். கப்பல் கயிற்றுத் தாரும் கிரீஸும் பட்ட கையை அதிகாரிக்குக் காட்டக் கூடாது என்று பிரிட்டிஷ் மாலுமிகள் கையைக் கவிழ்த்துக்கொண்டதாக ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான், நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். விமானப்படை ரொம்ப காலம் தரைப்படை மாதிரியே வைத்துக்கொண்டிருந்தது. 2006-இல் மாற்றினார்கள். இப்போது கையை முன்பக்கமாகவே, குறுகிய வழியில் மேலே கொண்டுபோகிறார்கள். உள்ளங்கை தரைக்கு 45 டிகிரி சாய்வில், தரைப்படைக்கும் கடற்படைக்கும் நடுவில் நிற்கிறது. அடுத்த குடியரசு தினத்தில் மூன்று தளபதிகளும் சேர்ந்து நிற்கும் காட்சி வந்தால் முகத்தை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள். சீருடை நிறம் தெரியாதவருக்கும் யார் எந்தப் படை என்று தெரிந்துவிடும்.

இந்தக் கை அசைவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முகக் கவசத்தைத் தூக்கி முகம் காட்டிய ஐரோப்பிய வீரர்களிடமிருந்து என்று பலரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலமாக இல்லை. எழுத்தில் கிடைக்கும் சங்கதி வேறு. பெரியவர் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றுவதுதான் பிரிட்டிஷ் படையின் பழைய வழக்கம். 1745-இல் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் ரெஜிமென்ட் ஓர் உத்தரவு போட்டது. அதிகாரியைக் கடக்கும்போது வீரர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்த் தட்டி, தலை குனிந்தால் போதும் என்று. தொப்பியைக் கழற்றப் போன கை, கழற்றாமல் பாதியில் நின்றுவிட்டது. இன்றைய சல்யூட் அதன் வாரிசு.

தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாத வீரர் கையால் சல்யூட் வைப்பதில்லை, சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், நின்று வணக்கம் சொல்வதோடு சரி என்ற நம் படை வழக்கத்துக்கும் வேர் இதுவே. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் கை எதற்கு மேலே போக வேண்டும்? சீக்கியர்களின் தலைப்பாகை சீருடையின் பகுதி என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. அமெரிக்கத் தரைப்படையில் வழக்கம் கொஞ்சம் வேறு, அங்கே அறைக்குள் தொப்பி இல்லாமலே மேலதிகாரியிடம் சல்யூட் வைத்து ஆஜராவார்கள். நம் சினிமாவில் தொப்பி இல்லாத போலீஸ் அதிகாரிகள் சரமாரியாக சல்யூட் அடிப்பது எந்தக் கணக்கு என்று கேட்கக் கூடாது. பழைய வழக்கம் முழுசாக உயிரோடு இருக்கும் இடமும் ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர் கடற்படைக் கப்பல்களைப் பார்வையிடும்போது, அவர் படகு கடக்கும் ஒவ்வொரு கப்பலிலும் மாலுமிகள் ஓரமாக வரிசைகட்டி நின்று, தொப்பியைக் கழற்றி உயர்த்தி மூன்று முறை ஜெய் முழக்கம் எழுப்புவார்கள். 2022 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் ராம்நாத் கோவிந்துக்கு முன்னால் நடந்ததும் அதுதான்.

சரி, அணிவகுப்புக்கு வருவோம். டெல்லியில் ஒரு ராணுவ அணி என்றால் வழக்கமாக 144 பேர், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. முன்னால் தனியாக அதன் தளபதி, கையில் உருவிய வாள். மேடையை நெருங்கும்போது அவர் "தாஹினே தேக்" என்று குரல் கொடுக்கிறார். 'வலப்பக்கம் பார்' என்ற அந்த ஒரு கட்டளைக்கு அத்தனை தலைகளும் ஒரே வெட்டாக மேடைப் பக்கம் திரும்புகின்றன. மேடை இடப்பக்கம் இருந்தால் "பாயே தேக்". தோளில் துப்பாக்கி ஏந்திய வீரர்கள் கையை அசைப்பதில்லை. அவர்களுக்குப் பார்வைதான் சல்யூட்.

உற்றுப் பார்த்தால் அத்தனை தலைகளும் திரும்புவதில்லை என்பது தெரியும். மேடைப் பக்கத்து ஓரத்தில் வரும் வரிசை மட்டும் நேராகப் பார்த்தபடியே நடக்கும். எல்லோரும் தலையைத் திருப்பினால் கோடு வளைந்துவிடும். ஓரத்தில் இருப்பவர் நேராகப் போனால்தான் அவரைப் பிடித்து மற்ற பதினொரு பேரும் நேராக வர முடியும். அணி முழுக்க மரியாதை செலுத்தும்போது, வழி தவறாமல் நடத்துவது இவர்கள் வேலை. தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள், ஓரத்தில் இருப்பவன் திரும்ப மறந்துவிட்டான் என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

வாளோடு வரும் தளபதியின் சல்யூட் இரண்டு அசைவு. முதலில் கைப்பிடி வாய்க்கு நேராக வரும்படி வாளைச் செங்குத்தாக உயர்த்துகிறார். அடுத்து கையை நீட்டி, வாள்முனை தரையைப் பார்க்கும்படி வலப்புறம் சாய்த்து இறக்குகிறார். மேடையைத் தாண்டியதும் "சாம்னே தேக்", தலைகள் நேராகின்றன, வாள் பழைய இடத்துக்குப் போகிறது. முனையைத் தாழ்த்திய வாளால் வெட்ட முடியாது. ஆயுதம் ஏந்தியவர் தரும் மரியாதை பெரும்பாலும் இந்த ரகம்தான்: என் ஆயுதம் இந்த நிமிடம் உனக்கு எதிராக இல்லை என்று காட்டுவது. "சலாமி சஸ்த்ர" என்ற கட்டளைக்குத் துப்பாக்கியை உடம்புக்கு முன்னால் செங்குத்தாகப் பிடிப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கொடிகளுக்கும் இதே கணக்கு உண்டு, ஒன்றைத் தவிர. ரெஜிமென்ட்டுகளுக்குக் குடியரசுத் தலைவர் வழங்கும் நிஷான் என்ற படைக்கொடி, அவருக்கு முன்னால் தாழ்த்தப்படும். மூவர்ணக் கொடி யாருக்காகவும் தாழாது. குடியரசுத் தலைவருக்கும் தாழாது, வெளிநாட்டு மன்னருக்கும் தாழாது. எந்த மனிதருக்கோ பொருளுக்கோ மரியாதையாக தேசியக் கொடியைத் தாழ்த்துவது தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971-இன்படி அவமதிப்பு. துக்கத்துக்காக அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது தனி விஷயம். சல்யூட் வரிசையில் எல்லோருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். மேலே யாருமே இல்லாத ஒரே இடம் கொடி.

பீரங்கி மரியாதையைப் புரிந்துகொள்ளவும் இது உதவும். செங்கோட்டையில் ஆகஸ்ட் 15 அன்று 21 பீரங்கிக் குண்டுகள் முழங்குகின்றன. கொடியேற்றுபவர் பிரதமர். வெளிநாட்டுப் பிரதமர் ஒருவர் அரசுமுறைப் பயணமாக டெல்லி வந்தால் அவருக்கு 19 குண்டுகள்தான், 21 என்பது நாட்டின் தலைவருக்கு. அப்படியானால் நம் பிரதமருக்கு மட்டும் எப்படி 21? அது பிரதமருக்கு இல்லை, ஏறும் கொடிக்கு. குடியரசு தினத்தில் 52 விநாடி தேசிய கீதம் ஒலிக்கும் நேரத்துக்குள் 21 வெற்றுக் குண்டுகளும் வெடித்து முடிய வேண்டும். ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஒன்று. பாட்டு முடிந்த பிறகு ஒரு குண்டு தனியாக வெடித்தால் மானம் போச்சு. இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் பீரங்கிகளே வெகுகாலம் இதைச் செய்துவந்தன. 2022-இல் செங்கோட்டையில் உள்நாட்டுத் தயாரிப்பு பீரங்கி முதன்முறையாக முழங்கியது. 2023 குடியரசு தினத்திலிருந்து 105 மில்லிமீட்டர் இந்திய பீரங்கிகள் அந்த வேலைக்கு வந்துவிட்டன.

பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் இந்த எண்ணிக்கைதான் ராஜாக்களின் தூக்கத்தைக் கெடுத்தது. பேரரசருக்கு 101, வைஸ்ராய்க்கு 31. சமஸ்தான மன்னர்களுக்கு 21-இல் தொடங்கி 9 வரை. ஹைதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீர் ஆகிய ஐந்துக்குத்தான் 21. திருவிதாங்கூருக்கு 19. இரண்டு குண்டு கூட்டித் தரச் சொல்லி மனுப் போடுவதும், நடத்தை சரியில்லை என்று குறைப்பதும் அன்றைய அரசியலின் பெரும் பகுதி. 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் பதவியேற்றபோதுகூட முழங்கியவை 31 குண்டுகள், வைஸ்ராயின் எண்ணிக்கை. 21-க்கு மாறியது பிற்பாடு.

அன்சாரி விவகாரத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அதே டெல்லியில் இன்னொரு மரியாதைச் சண்டை நடந்திருக்கிறது. 1911 டிசம்பர் தர்பாரில் ஒவ்வொரு சமஸ்தான மன்னரும் பிரிட்டிஷ் பேரரசர் ஐந்தாம் ஜார்ஜின் முன்னால் வந்து மூன்று முறை குனிந்து, முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடந்து விலக வேண்டும் என்பது ஏற்பாடு. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாட் வழக்கமான நகைகள் இல்லாமல் வந்தார், ஒரு முறை லேசாகக் குனிந்தார், திரும்பி முதுகைக் காட்டி நடந்துவிட்டார். லண்டன் பத்திரிகைகள் ராஜத்துரோகம் என்று கத்தின. திரைப்படச் சுருளில் பதிவான காட்சியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அவர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பதற்றத்தில் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. அத்தனை வருடம் அரசாண்டவருக்கு மூன்று வரை எண்ணத் தெரியாமல் போயிருக்காது.

குண்டு என்றதும் நம் ஊர் இறுதிச் சடங்குகள் ஞாபகம் வரும். 2020-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் 2023-இல் விஜயகாந்துக்கும் "72 குண்டுகள் முழங்க" அரசு மரியாதை என்று செய்திகளில் படித்திருப்போம். இது பீரங்கி மரியாதை வரிசையில் வருவதே இல்லை. 24 போலீசார் வரிசையாக நின்று துப்பாக்கியை வானத்தை நோக்கிப் பிடித்து மூன்று சுற்று சுடுகிறார்கள். 24-ஐ மூன்றால் பெருக்கினால் 72. மரியாதை இருப்பது மூன்று சுற்றில்தான், நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூட்டுத்தொகை மாறும். 21-ஐ விட 72 பெரிது என்று ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை. போரில் இறந்தவர்களை எடுத்து அடக்கம் செய்வதற்காகச் சண்டையை நிறுத்தி, வேலை முடிந்ததும் மூன்று முறை சுட்டு அறிவிப்பது ஐரோப்பியப் படைகளின் வழக்கமாக இருந்தது என்றும், அதன் நீட்சிதான் இது என்றும் சொல்வார்கள்.

இறுதிச் சடங்கில் கட்டளையும் மாறுகிறது. "சலாமி சஸ்த்ர" முடிந்து "ஷோக் சஸ்த்ர" வரும்போது, நிமிர்ந்திருந்த துப்பாக்கி தலைகீழாகி, குழல்முனை தரையைப் பார்க்க, வீரர்கள் தலை குனிகிறார்கள். பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை, மௌனம், பிறகு எழுச்சி இசை. டெல்லியின் தேசியப் போர் நினைவகத்தில் குடியரசு தினக் காலையில் பிரதமர் மலர்வளையம் வைக்கும்போதும் இதே வரிசைதான். உடல்மீது போர்த்திய மூவர்ணக் கொடியில் காவி நிறம் தலைமாட்டுப் பக்கம் வர வேண்டும், புதைக்கும் முன்போ எரிக்கும் முன்போ அதை எடுத்துவிட வேண்டும்.

மேடையில் நின்று மரியாதையை ஏற்பது யார் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் தனியே ஒரு வரலாறு இருக்கிறது. 1973 வரை மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினத்திலும் ஆளுநர்தான் கொடியேற்றினார். டெல்லியில் ஆகஸ்ட் 15 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் ஏற்றுகிறார், மாநிலத்தில் மட்டும் நியமிக்கப்பட்ட ஆளுநர் ஏற்றுவானேன் என்று முதல்வர் கருணாநிதி இந்திரா காந்தி அரசிடம் கேட்டார். மத்திய அரசு ஒத்துக்கொண்டது. 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக் கொத்தளத்தில் அவர் கொடியேற்றினார். எல்லா மாநில முதல்வர்களுக்கும் அந்த உரிமை அதன் வழியாகத்தான் வந்தது. இன்றும் ஆகஸ்ட் 15-இல் முதல்வர் திறந்த ஜீப்பில் போய்க் காவல்துறை அணிவகுப்பைப் பார்வையிட்டுவிட்டுக் கொத்தளம் ஏறுகிறார். ஜனவரி 26-இல் கடற்கரைச் சாலையில் ஆளுநர் மரியாதையை ஏற்க, முதல்வர் அருகில் நிற்கிறார். அருகில் நிற்பவர் கை உயர்த்தவில்லை என்று எந்த வருடமாவது யாராவது கிளப்பினால், பதில் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது.

கட்டளைகளின் மொழியும் இங்கே சண்டையாகியிருக்கிறது. மேலே நான் எழுதிய சாவ்தான், தாஹினே தேக் எல்லாம் இந்தி. 1967 கடைசியில் மீண்டும் எழுந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தில் அதுவும் இடம்பெற்றது. பாடத்திட்டத்தில் அந்தத் தீர்மானம் இன்றும் நிற்கிறது. மைதானத்தில் அவ்வளவாக நிற்கவில்லை. டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்கள் இந்திக் கட்டளைக்குத்தான் கால் மாற்றுகிறார்கள். சல்யூட்டோடு சேர்ந்து வரும் "ஜெய் ஹிந்த்" வந்த வழியோ வேறு. அது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் வாழ்த்து. மலேயா தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தப் படை யாரை எதிர்த்துப் போரிட்டதோ, அந்த ராணுவமே சுதந்திரத்துக்குப் பிறகு அதைத் தன் தினசரி வணக்கமாக எடுத்துக்கொண்டது.

பதவிக்கு வைக்கும் சல்யூட் ஒரு மனிதருக்கு வைக்கும் சல்யூட்டாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி உதாரணம். நாஜி ஆட்சி வந்த பிறகும் ஜெர்மன் ராணுவம் பெரும்பாலும் பழைய பாணியில் தொப்பிக்குக் கை வைத்துத்தான் சல்யூட் செய்துவந்தது. 1944 ஜூலை 20 அன்று ராணுவ அதிகாரிகளே ஹிட்லரைக் கொல்ல முயன்று தோற்றார்கள். நாலே நாளில், கையை முன்னால் நீட்டும் ஹிட்லர் சல்யூட் படை முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கு விசுவாசமா என்ற கேள்வி போய், எனக்கு விசுவாசமா என்று ஒவ்வொரு வீரனையும் தினமும் கேட்கும் சோதனையாக அது ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளும் 1942 வரை ஏறக்குறைய அதே மாதிரி கையை நீட்டித்தான் தங்கள் கொடிக்கு உறுதிமொழி சொன்னார்கள். பார்க்க நாஜி சல்யூட் மாதிரியே இருந்ததால் அந்த டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, கையை நெஞ்சில் வைக்கச் சொன்னார்கள்.

நெஞ்சில் கை வைப்பது அப்படி வந்த அமெரிக்க வழக்கம். நம் கிரிக்கெட் வீரர்களும் சினிமாக்காரர்களும் தேசிய கீதத்தின்போது அப்படி நிற்கிறார்கள். குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் இந்திய விதி அதைக் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஓய்வுபெற்ற வீரர்கள் சாதாரண உடையிலும் கொடிக்கும் கீதத்துக்கும் சல்யூட் வைக்கலாம் என்று 2008-இல் சட்டமே வந்தது. இங்கே முன்னாள் ராணுவத்தினர் பலர் பழக்கத்தில் கை உயர்த்திவிடுவார்கள், அதை யாரும் தடுப்பதும் இல்லை.

மற்றவர்களுக்கு வேலை சுலபம். பள்ளி மைதானமோ அடுக்ககத்தின் வாசலோ, கொடி ஏறும்போது அதைப் பார்த்தபடி கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நின்றால் விதி நிறைவேறிவிடுகிறது. செல்போனில் படம் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சல்யூட் வைப்பதற்குப் பதில் இது எவ்வளவோ மேல். கொடி அணிவகுப்பில் நகர்ந்து போகிறது என்றால் அது நம்மைக் கடக்கும்போது நின்றால் போதும். பின்னால் வரும் அலங்கார ஊர்திகளுக்கு உட்கார்ந்துகொள்ளலாம்.